சிவப்புப் புள்ளியில் நின்ற தெரு

பாரி விட்ட அறையில் அறிவின் உதடு கிழிந்த செய்தியைக் கொருக்குப்பேட்டை போன வாரமே பேசித் தீர்த்துவிட்டது. அறை விழுந்ததற்கான காரணம் மட்டும் இன்னும் அண்ணாச்சி கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு கன்டெய்னர் யார்டு திறக்கப் போகிறார்கள். கிரேன் ஓட்டவும் ஃபிட்டர் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான் என்று சொன்னதால், தெருவில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் பிரவுசிங் சென்டரில் வரிசை கட்டி நின்று விண்ணப்பித்தார்கள். தகுதி பெற்றவர்களின் முதல் பட்டியலை அண்ணாச்சி கடைச் சுவரில் ஒட்டியபோது அந்தத் தெருவிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அறிவு.

அந்த இணையதளத்தை எழுதியது யார்? கோதண்டத்தின் மகள், பாரியின் அக்கா மகிழினி. அறிவு யார்? மகிழினி பஸ் ஏறும் நேரம் பார்த்துத் தனக்கும் அதே ஸ்டாப்பில் வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்பவன். தெருவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கூடப் பொறந்தவன் பேர அடிச்சிட்டு, கூட சுத்தறவன் பேர போட்டுகினா பாரு" என்று குழாயடியில் பேசினார்கள். பாரி காதில் விழுந்தது. மறு நிமிஷம் அறிவின் உதடு கிழிந்தது.

அன்றிலிருந்து பாரி அக்காவோடு பேசுவதில்லை. கூட்ஸ் ஷெட்டில் மேஸ்திரியாக இருக்கும் கோதண்டமும் பேசுவதில்லை. அம்மா கெங்கம்மா மட்டும் சோறு போடும்போது "சாப்டு" என்பாள். அதையும் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அறிவு ஒரு மாதம் முன்பு பஸ் ஸ்டாப்பில் கேட்ட கேள்விக்கு மகிழினி இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த லட்சணத்தில் எங்கே சொல்வது?

ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு மேல்மாடியில் இருந்தது மகிழினி வேலை பார்க்கும் கம்பெனி. திங்கட்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்ததும் பெனிஷா எதிரே வந்து நின்றாள். நாகர்கோவில்காரி. மகிழினியின் மேலதிகாரி.

"மூணு மணிக்கு ஃபைனல் லிஸ்ட் அனுப்பணும், கேட்டியா? அதுக்கப்புறம் யார்டுக்காரங்க கையில போயிரும். ஒருத்தர் பேரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது."

"மேடம், டேட்டாபேஸ்ல என் தம்பி பேர் இருக்கு. மார்க் இருக்கு. எல்லாத் தகுதியும் இருக்கு. பட்டியல்ல மட்டும் இல்ல. நடுவுல எங்கயோ காணாமப் போறான்."

"அவங்க சொன்ன கண்டிஷன் ஏதாவதுல அடிபட்டிருப்பான்."

"அந்த கண்டிஷன எழுதினதே நான்தானே மேடம்."

பெனிஷா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "தம்பிக்காகப் பார்க்கியா, தப்புக்காகப் பார்க்கியா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள் மகிழினி. பொய் சொல்ல அவளுக்கு அன்று தெம்பில்லை.

"சரி. மூணு மணி வரைக்கும் உன் பாடு."

இரண்டு நாளாக அவள் சும்மா இருக்கவில்லை. தளத்துக்காகத் தான் எழுதிய புரோகிராம் நிரலில் பத்து வரிக்கு ஒரு தரம் 'இங்கே வந்துவிட்டேன்' என்று திரையில் எழுதச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் சமர்த்தாக எல்லா இடத்துக்கும் வந்து வந்து எழுதியது. வரும்போது கையில் எதைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்த ஒரே வழி டீபக்கர். அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு அதைக் கண்டாலே மூச்சு வாங்கும், பாதியில் உறைந்து போகும் என்பதால் யாரும் அதன் பக்கம் போவதில்லை. மகிழினி மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு அதைத் திறந்தாள்.

டீபக்கர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிரல் ஓடுகிற வேகத்தில் உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்குச் சந்தேகம் உள்ள வரியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால், ஓடி வருகிற நிரல் அந்த வரியில் அப்படியே நின்றுவிடும். நிற்கிற நேரத்தில் எந்த ஆப்ஜெக்டுக்குள், அதாவது விவரங்களைப் போட்டு வைக்கும் எந்தப் பெட்டிக்குள், என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு வரி நகரும். அடுத்தது, அடுத்தது என்று நாம் விட்டால்தான் போகும்.

விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெரிய ஆப்ஜெக்டுக்குள் போடும் வரியில் மகிழினி சிவப்புப் புள்ளி வைத்தாள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கும் நின்றால் பொழுது விடிந்துவிடும். அதனால் முகவரியில் தன் தெருவின் பெயர் வந்தால் மட்டும் நில் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். உள்ளே இருப்பதைக் காட்டும் வாட்ச் ஜன்னலைக் கீழே திறந்து வைத்துக்கொண்டாள்.

ஓட விட்டாள். கம்ப்யூட்டர் உறுமியது. திரை வெளுத்தது. செத்துவிட்டதோ என்று அவள் நினைத்த நேரத்தில் அந்த வரி மஞ்சளாக மின்னி நின்றது.

வாட்ச் ஜன்னலில் இருந்த கூட்டல் குறியை அழுத்தினாள். விண்ணப்பம் விரிந்தது. பெயர்: அருள்பிரகாசம். தந்தை பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எல்லாம் வரிசையாக இருந்தன. மூன்றாவது வீட்டு அருள்பிரகாசமேதான். ஒரு வரி நகர்த்தினாள். பெரிய ஆப்ஜெக்டுக்குள் அருள்பிரகாசம் போய் உட்கார்ந்தான். மொத்த எண்ணிக்கையில் ஒன்று ஏறியது.

"நல்லாத்தானே போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுபடி ஓட விட்டாள். அடுத்து நின்றது காஜா மொய்தீன். ஒரு வரி நகர்த்தினாள்.

எண்ணிக்கை ஏறவில்லை.

மகிழினி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காஜா உள்ளே போயிருக்கிறான். ஆனால் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. அப்படியானால் யாரோ வெளியே போயிருக்க வேண்டும். அருள்பிரகாசத்தைத் தேடினாள். அவன் இருந்த இடத்தில் காஜா இருந்தான்.

ஓட விட்டாள், நிறுத்தினாள், நகர்த்தினாள். காஜாவைத் தள்ளிவிட்டு அடுத்தவன் வந்தான். அவனைத் தள்ளிவிட்டு அதற்கு அடுத்தவன். தெருவே ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வதைப் பார்ப்பது போல இருந்தது.

கடைசிக்கு முந்தைய முறை நின்றபோது பெயர் என்ற இடத்தில் பாரி என்று இருந்தது. தந்தை பெயர் கோதண்டம். ஒரு வரி நகர்த்தினாள். தம்பி உள்ளே இருந்தான். இரண்டு நாளாகத் தேடிய தம்பி! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தோடு நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் நிரல் நிற்காதே. ஓட விட்டாள். கடைசி விண்ணப்பம் வந்தது. அறிவு. நகர்த்தியதும் பாரி போனான், அறிவு வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து யாரும் விண்ணப்பிக்கவில்லை. அதனால் அறிவை யாரும் தள்ளவில்லை.

"மேடம்! இங்க வாங்க மேடம்!"

பெனிஷா வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். "ஏன் தள்ளுது?"

"அதுதான் தெரியல."

அந்த நேரம் பார்த்து மகிழினியின் செல்போன் அடித்தது. கம்பெனி கொடுத்து மூன்று மாதம்கூட ஆகாத போன். எடுத்து எண்ணைப் பார்த்தாள். அம்மா.

"மகிழு, பாரி பைய தூக்கிகினு போய்ட்டான்டி!" கெங்கம்மா அழுதுகொண்டிருந்தாள். "விசாகப்பட்டினம் ஆர்பர்ல வேலயாம். எவனோ காண்ட்ராக்ட்டுக்காரன் இட்டுகினு போறானாம். சாயங்காலம் சென்ட்ரல்ல ரயிலு. போனா போவட்டும்னு உங்கப்பா குந்திகினு கீறாரு. நீயாச்சும் எதுனா பண்ணுடி."

மகிழினி காதிலிருந்து போனை எடுத்து, அதில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். வாட்ச் ஜன்னலில், தொலைபேசி என்ற வரிக்கு எதிரே, அதே எண். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருக்கும் எண். அத்தனை பழக்கம் என்பதாலேயே காலையிலிருந்து கண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நீ எந்த போன்லேர்ந்து பேசற?"

"இன்னாடி கேள்வி இது? அண்ணாச்சி கடைலேர்ந்துதான். நமக்கு வேற ஏது போனு?"

மகிழினி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

போன் இல்லாத வீட்டார் பக்கத்துக் கடை எண்ணைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று போடுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அதற்கு விரிவு என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பொருள் மட்டும் ஒன்றுதான். போன் பண்ணுங்கள், ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள். அந்தத் தெரு முழுமைக்கும் உச்சிமாகாளி அண்ணாச்சியின் மளிகைக் கடை எண்தான் பி.பி. நம்பர். பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். பி.பி. என்று சேர்த்து எழுதவும் பார்த்திருப்பார்கள். அந்தக் கட்டம் எண்களைத் தவிர வேறு எதையும் வாங்காது. அப்படி எழுதி வைத்தவள் மகிழினி.

ஒருவரே இரண்டு முறை விண்ணப்பித்தால் பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று யார்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஒரே பெயர் பலருக்கு இருக்கும், இனிஷியலும் ஒன்றாக இருக்கும், போன் நம்பர் மட்டும் ஆளுக்கு ஒன்றுதானே என்று அவள்தான் முடிவு கட்டினாள். அவளே இந்த வேலைக்குக் கொடுத்த பயோடேட்டாவில் அண்ணாச்சி கடை எண்ணைப் போட்டவள்தான். கையில் ஒரு செல்போன் வந்ததும் அது மறந்துவிட்டது. அவமானம் சுரீரென்று ஏறியது. அதைவிட வேகமாகச் சந்தோஷம் ஏறியது.

"அம்மா, அழாத. நான் வரேன். பாரி பேரு கீது. எல்லார் பேரும் கீது!"

பெனிஷாவிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பெனிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு போனும் ஊர்ல மூணு வீட்டுக்குப் பி.பி.தான். எனக்கும் தோணலியே! மாத்து, மாத்து. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூணையும் சேர்த்துப் பாரு."

மகிழினியின் விரல்கள் பறந்தன. மாற்றி எழுதி, மறுபடி ஓட விட்டாள். அருள்பிரகாசம். ஏறியது. காஜா மொய்தீன். ஏறியது! பெனிஷா மேஜையைத் தட்ட ஆரம்பித்தாள். பாரி. ஏறியது. அறிவு. அதுவும் ஏறியது, பாரி இருந்த இடத்திலேயே இருந்தான். சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டு முழுதாக ஓட விட்டதும் பட்டியல் நீண்டுகொண்டே போனது. காலடிப்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தை நம்பியிருந்தவர்கள், எண்ணூர்க் குப்பத்தில் ஒரே வீட்டு போனைக் கொடுத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

பெனிஷா யார்டுக்குப் போன் போட்டாள். மழுப்பவில்லை. "தப்பு எங்களோடது சார். விட்டுப்போனவங்களைச் சேர்த்து அனுப்பறோம்."

எதிர்முனையில் அதிகாரி கத்தியது மகிழினிக்கும் கேட்டது. கத்தி முடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். ஒரே எண்ணில் இத்தனை பேர் என்றால் நம்ப முடியாது. இன்றைக்கே ஒவ்வொருவருக்காகப் போன் செய்து அப்பா பெயரும் பிறந்த தேதியும் கேட்போம். சரியாகச் சொன்னால் நாளைக் காலை நேர்முகம். போனில் கிடைக்காதவன் பெயரை அடித்துவிடுவோம்.

"ஓடு" என்றாள் பெனிஷா. "நீ இங்க இருந்தாலும் வேலை ஓடாது."

கிளம்பும்போதே அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆட்டோ கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேட் திறக்கக் காத்திருக்காமல் மகிழினி ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்து இறங்கி, கடைசிப் பெட்டி நகர்ந்ததும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள்.

அண்ணாச்சி கடை முன்னால் திருவிழாக் கூட்டம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வைத்தால் மறுபடி அடித்தது.

"ஏல காஜா! ஒனக்குத்தாம்ல போனு! வெரசா வால!" அண்ணாச்சி பருப்பு கட்டுவதை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். காஜா மொய்தீன் பாதிச் சவரத்தோடு சோப்பு நுரையுமாக ஓடி வந்தான். தேதியைச் சொன்னான், "தேங்க்ஸ் சார்" என்றான், வைத்துவிட்டு அண்ணாச்சியைத் தூக்கிச் சுற்றினான்.

"எறக்குல மூதி! அடுத்த போன் வருது!"

அருள்பிரகாசம் ஏற்கெனவே பேசி முடித்து எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். குழாயடியில் பேசியவர்களே மகிழினியைப் பார்த்துச் சிரித்தார்கள். "நீதான் கண்டுபுட்சியாமே! சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிம்மா நீ." மகிழினியின் கண்கள் தம்பியைத்தான் தேடின.

பாரி இல்லை. கடையோரத்து மூட்டை மேல் கோதண்டம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கெங்கம்மா. சற்றுத் தள்ளி, தன் பழைய பைக்கின் மேல் சாய்ந்தபடி அறிவு. உதட்டில் இன்னும் பிளாஸ்திரி.

போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். முகம் மாறியது.

"ஏ கோதண்டம், ஒம்ம மவனுக்கு. பாரி இருக்கானான்னு கேக்காவ."

"இல்லன்னு சொல்லு அண்ணாச்சி. ரயிலேறிப் போறவனுக்கு இன்னாத்துக்கு போனு?"

"யோவ், பேர அடிச்சிடுவாங்கய்யா!" கெங்கம்மா அலறினாள்.

"அடிக்கட்டும். பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனான்ல?"

மகிழினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தாள். அதற்குள் ஒரு கை அண்ணாச்சியிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கிவிட்டது.

"பாரிதான் சார் பேசறேன்" என்றான் அறிவு.

கூட்டம் அவனை நெருங்கி வந்தது.

"ஆமா சார். அப்பா பேரா? கோதண்டம் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள். கோதண்டம் மூட்டையிலிருந்து எழுந்து நின்றார். மகிழினிக்குக் காது மடல் சுட்டது.

"பொறந்த தேதியா சார்? சொல்றேன் சார். ஹலோ? ஹலோ? லைன் சரியா கேக்கல சார்." அறிவின் நெற்றியில் வேர்த்தது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு மகிழினியைப் பார்த்தான்.

அவள் வாய் திறப்பதற்குள் கோதண்டம் அவனருகே போய் நின்றார். அவன் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "ஜூன் பன்னெண்டு. எம்பத்தி ரெண்டு."

அறிவு அதை அப்படியே போனில் சொன்னான். "நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கா சார்? ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடயா? வந்துடறேன் சார்." வைத்தான்.

"வண்டி எங்கடா?" என்றார் கோதண்டம்.

"தோ கீது நைனா."

"எடு. சென்ட்ரலுக்குப் போலாம்."

"நீங்க எதுக்கு? நான் இட்டுகினு வரேனே."

"நீ ஒண்டியா போனா இன்னோரு அறை வாங்கிகினு வருவ. ஏறு, ஏறு."

பைக் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. எவன் பெயரைச் சொன்னாலே எரிந்து விழுவாரோ, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கோதண்டம் பின்னால் உட்கார்ந்து போவதைத் தெருவே வாய் பிளந்து பார்த்தது. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. வழியில் அந்த ரயில்வே கேட் வேறு இருக்கிறது.

அவர்கள் முனை திரும்பி மறைந்ததும் போன் மறுபடி அடித்தது.

"அறிவாம்!" அண்ணாச்சி ரிசீவரைத் தூக்கிப் பிடித்தார். "அவன் இப்பத்தானல போனான்! அவன் ஆத்தா எங்க?"

அறிவின் அம்மா காசிமேட்டில் மீன் கம்பெனி வேலைக்குப் போனவள். பொழுது சாய்ந்துதான் வருவாள். அப்பா உயிரோடு இல்லை. அண்ணாச்சி ரிசீவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தார். நேற்று வரை நாக்கு நீண்டவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகிழினி வாங்கிக்கொண்டாள்.

"அறிவு வெளிய போயிருக்கார் சார். நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவார். அப்பா பேர் ஏழுமலை." பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொன்னாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் அதிகாரி. "பேசறது யாரும்மா? அவருக்கு நீங்க என்ன வேணும்? எழுதிக்கணும்."

அத்தனை காதுகளும் அவள் பக்கம் திரும்பின. மகிழினி அம்மாவைப் பார்த்தாள். நேற்று இதே கேள்வி வந்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பாள். இன்று எல்லோர் பெயரும் பட்டியலில் இருந்தது. யாருக்கும் எதையும் பிடுங்கி அவள் அறிவுக்குக் கொடுக்கவில்லை. இனி அவள் பதில் அவளுடையது.

"அவரக் கட்டிக்கப் போறவ சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

கெங்கம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சுவரைப் பார்க்காமல், மகளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"போன வெச்சிட்டு வூட்டுக்கு வா" என்றாள்.